வாய்க்காலில் எல்லாருக்கும் திங்கட்கிழமை

கிளிநொச்சிப் பக்கத்து அக்கராயனில் கவிதை எழுதுகிறவனை யாரும் தொந்தரவு செய்வதில்லை. மழையில் நனைந்துகொண்டு நிற்கும் மாட்டைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை, அவ்வளவுதான். "உங்கடை ஏதோ பேப்பரிலை வந்ததாம்" என்று சந்தியில் யாராவது சொல்வார்கள். வாசித்தீர்களா என்று நான் கேட்பதில்லை. வாசித்தோம் என்று அவர்களும் சொல்வதில்லை. இந்த உடன்பாட்டில் நெடுங்காலம் நிம்மதியாகப் போனது. பிறகு என்னை எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

அது சிறுபோகக் கூட்டத்தில் நடந்தது. மாரி மழைக்கு விதைக்கிற காலபோகத்தில் அவரவர் வயல் அவரவருக்கு. வெயில் காலத்துச் சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் எல்லாருக்கும் காணாது. ஆகவே குளத்துக்குக் கிட்ட இருக்கிற மேல்வயல்களை மட்டும் விதைப்போம். கீழே காணி உள்ளவர்களுக்கு அந்த மேல்வயல்களிலேயே ஆளுக்கொரு துண்டு பிரித்துக் கொடுப்பது வழக்கம். ஒரு போகத்துக்கு மட்டும் உன் வயலுக்குள் இன்னொருவர் வயல். உலகத்தில் எங்கும் கேட்டறியாத தாராளம் என்று வெளியூர்க்காரர் வியப்பார்கள். அந்தத் துண்டுக்குள் தண்ணீர் எப்போது போகும் என்ற கதை வரும்போதுதான் தாராளம் எந்த அளவு என்று தெரியும்.

பயிர் வளரும்வரை வாய்க்கால் எல்லாருக்கும் ஓடும், குளம் இறங்கியபிறகு தண்ணீருக்கு முறை உண்டு. இன்ன நாள், இன்ன நேரம், இன்ன மடை, இன்னார். மடை என்றால் வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறங்குகிற வாய். முந்திய போகத்தில் அந்த முறை அட்டவணையை வெள்ளைப்பலகையில் எழுதி, போனில் படமெடுத்து, வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். ரோசாப்பூவோடும் தேநீர்க் கோப்பையோடும் வந்த காலை வணக்கங்களுக்கு அடியில் போய் அது புதைந்துவிட்டது.

"படம் போடாதேங்கோ" என்றா, கூட்டத்தில் பின்வரிசைக் கதிரையில் இருந்த அக்கா. "என்ரை போன் அதைத் தொட்டால் 'படம்' எண்டு மட்டும் சொல்லுது. படத்துக்குள்ளை என்ன கிடக்கெண்டு சொல்லாது. எழுத்தாப் போடுங்கோ."

அக்காவுக்குக் கண் தெரியாது. எப்படிப் போனதென்ற கதையை அவா சொல்வதில்லை. எங்கள் பக்கத்தில் அதைக் கேட்கிற வழக்கமும் இல்லை. தன் போனைப் பேசவைத்துக் கேட்பா. திரையில் எழுத்து இருந்தால் போனுக்குள் இருக்கிற ஒருத்தி அதை வாசிப்பாள். அந்தப் பெண்ணை அக்கா 'இந்தியாக்காரி' என்றுதான் சொல்லுவா, உச்சரிப்பு அப்படி. எங்கள் ஊர்ப் பெயரை அவள் சொல்லும்போது ஏதோ ஒரு நோயின் பெயர்போல இருக்கும்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். எங்கள் வாய்க்காலின் மூத்த கமக்காரர் அவர். நல்ல மனிசன். தண்ணீர் விசயத்தில் மட்டும் அந்த நல்லது கொஞ்சம் வற்றும்.

"கவிதை எழுதுறவருக்கு ஒரு அட்டவணை எழுதேலாதோ?"

"அது வேறை, இது வேறை அண்ணை."

"ரெண்டும் எழுத்துத்தானே. போனமுறை அட்டவணை ஒருத்தருக்கும் விளங்கேல்லை. உங்களுக்கு அது பழக்கமான வேலை."

மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் நான் செயலாளர்.

நான் எழுதுவது வசனகவிதை. வரியை முறிக்கமாட்டேன். ஒரு வாக்கியத்தைத் திறந்துவிட்டால் அது கடதாசியின் அந்த ஓரம்வரை தன்பாட்டில் போகட்டும் என்று விடுகிறவன். வரி பிரித்து, இடம் விட்டு, அடுக்கி எழுதுகிறவர்களைப் பற்றி நான் பேசிய ஏளனங்கள் கொஞ்சமல்ல. அப்படிப்பட்டவன்தான் கிளிநொச்சியில் ஒரு கொமினிக்கேசன் கடையில் உட்கார்ந்து, கட்டம் கட்டமாக எழுத்தை நிறுத்தத் தொடங்கினேன். கடை வைத்திருந்தவ ஒரு தங்கச்சி. ஒருபக்கம் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டே மறுபக்கம் ஊர் அமைப்புகளுக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்பா. எங்களுக்குச் செய்தது படமில்லாத, நிறமில்லாத, வெறும் எழுத்துப் பக்கம். வயலுக்குள் சிக்னல் ஒரு கோடு காட்டினாலும் அது திறக்கும்.

"இந்தப் பக்கத்துக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான் அண்ணை" என்றா தங்கச்சி. "தலைப்புத் தெரியும். வரி தெரியும். புள்ளி போட்ட வரி தெரியும். அட்டவணை தெரியாது."

"அப்ப என்ன செய்யிறது?"

"மேலையும் கீழையும் மூண்டு குறி போட்டால், நடுவிலை வைச்சதை வைச்சபடி காட்டும். இடம் விட்டால் விட்ட இடமும் நிக்கும். நீங்களே கோடு கீறி அட்டவணை மாதிரி அடுக்கலாம். ஆனால் முதல் குறிக்குப் பக்கத்திலை, உள்ளுக்கை என்ன இருக்கெண்டு ஒரு சொல் எழுதிவிடுங்கோ. கேட்டு வாசிக்கிற ஆக்களுக்கு."

கேட்டு வாசிக்கிற ஆக்கள். அந்தச் சொல் எனக்குப் பிடித்தது. அதை யோசித்தபடியே மிச்சத்தைக் காதில் வாங்காமல் விட்டேன்.

வேலை தொடங்கியது. இடப்பக்கம் மடையும் பெயரும், மேலே திங்கள் தொடங்கி ஞாயிறுவரை. யாருக்கு எந்த நாளோ அந்தக் கட்டத்தில் 'காலை' அல்லது 'பின்னேரம்'. மற்றக் கட்டங்களில் சின்னக் கோடு. நாளுக்கும் நாளுக்கும் நடுவே நெட்டைக் கோடு, பெயருக்கும் பெயருக்கும் நடுவே படுத்த கோடு. ஆங்கிலத்தில் இது லேசு, அங்கே எல்லா எழுத்தையும் ஒரே அகலத்தில் நிறுத்திவிடலாம். தமிழ் எழுத்து அப்படி நிற்குமா? 'ஞ' எருமை மாதிரிக் கிடக்கும். 'ர' கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நிற்கும். ஒருவர் பெயரில் இரண்டு எருமை வந்தால் அவருடைய செவ்வாய் புதனுக்குள் நகர்ந்துவிடும். இடம் கூட்டினேன், குறைத்தேன். பெரிய பெயர்களைச் சுருக்கினேன். ஊரில் மதிப்பான ஒரு மனிசனை, தகப்பன் பெயரின் தலையெழுத்து இல்லாமல் நிறுத்தினேன். மனிசனைக் கட்டத்துக்குள் அடக்குவது இவ்வளவு சந்தோசமான வேலையென்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒரே மடையில் இரண்டு மூன்று பேர் வந்த இடங்களில் மடையின் பெயரைத் திரும்ப எழுதாமல் 'மேற்படி' போட்டேன். கச்சேரியிலிருந்து வருகிற அரசாங்கக் கடிதம் பார்த்து வளர்ந்த கை இது. எங்கள் ஊரில் ஒரு மனிதன் படித்தவனா என்று 'மேற்படி' எழுதுகிற இடத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அக்காவின் துண்டு இந்தப் போகம் தலைவரின் வயலுக்குள் வந்திருந்தது. ஆகவே தலைவருக்கு இரண்டாம் மடை, அதற்குக் கீழே அக்காவுக்கு மேற்படி.

கடைசியில் அந்த மூன்று குறிக்குப் பக்கத்தில் ஒரு சொல் வேண்டுமென்று தங்கச்சி ஞாபகப்படுத்தினா. நான் எழுதினேன்: நீர் நடந்து வரும் வாரம்.

"வடிவா இருக்கண்ணை" என்றா. கடைக்காரர் எல்லாரும் எல்லாம் சொல்வதில்லை.

அதையே அச்செடுத்து, லமினேற் பண்ணி, தலைவர் மண்டபச் சுவரில் தொங்கவிட்டார். கண் தெரிந்த எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். பக்கத்தின் முகவரியை எல்லாருக்கும் அனுப்பினேன். திறந்தது ஒரே ஒருவர் என்று பிறகு தெரிந்தது. அந்த ஒருவருக்குக் கண் தெரியாது.

முறை தொடங்க இன்னும் நாள் இருந்தது. பாராட்டு வாங்கலாம் என்று அக்கா வீட்டுக்குப் போனேன். அவா குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தா.

"வாங்கோ தம்பி. இருங்கோ, உங்கடை வேலையைக் கேட்பம்."

போனை எடுத்து ஒலியைக் கூட்டினா. இந்தியாக்காரி உற்சாகமாகத் தொடங்கினாள். நீர் நடந்து வரும் வாரம். நெட்டைக் கோடு. மடை. நெட்டைக் கோடு. பெயர். நெட்டைக் கோடு. திங்கள். நெட்டைக் கோடு. ஞாயிறு வந்து முடியவும் படுத்த கோடுகள் தொடங்கின. கழித்தல் கழித்தல் கழித்தல் கழித்தல். முற்றத்தில் மேய்ந்த கோழி நின்று தலையைச் சரித்துப் பார்த்தது. கழித்தல் கழித்தல் கழித்தல்.

"வேலி அடைச்சு அனுப்பியிருக்கிறியள் போலை" என்றா அக்கா. "உள்ளுக்கை போற படலை எங்கை?"

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா, வரும்."

வந்தது. நெட்டைக் கோடு. மேற்படி. நெட்டைக் கோடு. அக்காவின் பெயர். நெட்டைக் கோடு. கழித்தல். நெட்டைக் கோடு. கழித்தல். அக்கா சிரிக்கத் தொடங்கிவிட்டா. தேங்காய்த் துருவல் சிந்தச் சிந்தச் சிரித்தா.

"என்ரை வயல் மேற்படியிலையோ? மற்ற ரெண்டு மூண்டு பேரும் மேற்படியிலைதான் நிக்கினம். மேற்படி பெரிய கமம்தான்."

"மேலை என்ன இருக்கோ அதுதான் அக்கா."

"விளங்குது தம்பி. நானும் பள்ளிக்குடம் போனனான். ஆனால் மேல எண்டால் எங்கை? நீங்கள் கண்ணைத் தூக்கிப் பார்ப்பியள். எனக்கு மேல எண்டு ஒரு இடம் இல்லை. முன்னம் சொன்னது, இப்ப சொல்லுறது, ரெண்டுதான். முன்னம் சொன்னது போயிட்டுது." பிறகு கேட்டா: "அதென்ன, நீர் நடந்து வாற வாரம்? எந்த வாரம் அது?"

"அது... ஒரு தலைப்பு மாதிரி."

"தண்ணி முறை எண்டு எழுதினால் ஏதும் குறைஞ்சு போமோ?"

குறைந்துபோகும் என்றுதான் நினைத்தேன். கோடுகளையெல்லாம் எடுத்துவிடுங்கோ, மேற்படியையும் எடுத்துவிடுங்கோ என்றா. ஓமென்று சொல்லி, தேத்தண்ணி குடித்து, திரும்பி வந்தேன்.

வீட்டில் பழைய மடிக்கணினியில் திருத்தினேன். நெட்டைக் கோடுகள் போயின. படுத்த கோடுகள் போயின. மேற்படி போன இடங்கள் வெறுமையாக நின்றன. வேலையில் சூடு பிடித்ததும், வெறுங்கட்டங்களில் நின்ற சின்னக் கோடுகளும் கண்ணை உறுத்தின. தண்ணீர் இல்லாத நாளுக்கு எதற்கு ஒரு குறி? இல்லாததை இல்லாமலே விடுவதல்லவோ அழகு? எடுத்தேன். வெள்ளைத் திரையில், ஒவ்வொரு பெயருக்கும் நேரே, எங்கோ ஒரு இடத்தில், தனியே ஒரு 'காலை'. இன்னொரு இடத்தில் ஒரு 'பின்னேரம்'. விளைந்த வயலுக்கு மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொக்கு இறங்கியதுபோல இருந்தது. என் வாழ்நாளில் நான் செய்த ஆகச் சுத்தமான கவிதை அது என்று இப்போதும் சொல்வேன். தலைப்பை மட்டும், மனமில்லாமல், 'தண்ணீர் முறை' என்று மாற்றி, ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிக்கு அனுப்பிப் பக்கத்தில் போடச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை தலைவரின் போன் கோல் வந்தது. "செயலாளர், வயலுக்கு வாரும்." மரியாதை ஒருபடி இறங்கியிருந்தது.

போனபோது இரண்டாம் மடையடியில் தலைவர் நின்றார். அக்கா, கையில் மண்வெட்டியோடு, வரம்பில் நின்றா. மடையால் இறங்கிய தண்ணீர் தலைவரின் வயலுக்குப் போகவேண்டியது. அக்கா நடுவரம்பை வெட்டி, தன் துண்டுக்குள் திருப்பியிருந்தா. தலைவர் வந்து கண்டு, உடனே மண் போட்டு அடைத்துவிட்டார். அக்காவின் துண்டில் நனைந்தது ஒரு மூலை மட்டும். மிச்சத்தில் மண் வெடித்துக் கிடந்தது.

"திங்கள் காலை ஆரின்ரை முறை?" என்றார் தலைவர்.

"என்ரை" என்றா அக்கா.

"உங்கடை முறை வியாழன் காலை."

"எனக்குத் திங்கள் எண்டுதான் வாசிச்சவள்."

"ஆர் வாசிச்சது?"

"இந்தியாக்காரி."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் வாய்க்காலைப் பார்த்தேன். தண்ணீர் எங்கள் இருவரையும் பார்க்காமல் தலைவரின் வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

விசயம் சின்னதில்லை. அமைப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முறை பிசகித் தண்ணீர் கட்டினவருக்கு அடுத்த முறை இல்லை. வியாழன் தண்ணீர் அக்காவுக்கு இல்லையென்றால் பிறகு அடுத்த வியாழன்தான். நெல்லோ குடலையில் நின்றது. தண்டுக்குள் கதிர் உருண்டு, வெளியே வர யோசித்துக்கொண்டிருக்கிற பருவம். அந்த நேரத்தில் வயல் காய்ந்தால் கதிர் வரும், அரிசி வராது. வெட்டி அடித்துத் தூற்றினால் சப்பியாகப் பறக்கும். ஒரு போகம் முழுக்க அவா பட்ட பாடு அந்த வியாழன் காலையில் தொங்கியது.

"ஒரு கோல் எடுத்துக் கேட்டிருந்தால் முடிஞ்சுது தங்கச்சி" என்றார் தலைவர் அக்காவிடம், கொஞ்சம் இறங்கி.

"நீங்கள் எல்லாரும் கோல் எடுத்துக் கேட்டுத்தான் தண்ணி கட்டுறியளோ? சுவரைப் பாத்துத்தானே? எனக்குச் சுவர் இதுதான்" என்று போனைக் காட்டினா.

"கட்டுப்பாடு எல்லாருக்கும் ஒண்டுதான். பின்னேரம் கூட்டத்திலை கதைப்பம்."

பின்னேரம் மண்டபத்தில் வழமையைவிடக் கூட்டம். தண்ணீர்ச் சண்டை என்றால் எங்கள் ஆட்களுக்குத் திருவிழா. தலைவர் முறைப்பாட்டைச் சொல்லி, சுவரில் தொங்கிய லமினேற்றைக் கழற்றி, "இஞ்ச பாருங்கோ, வியாழனுக்குக் கீழ வடிவாக் கிடக்கு, காலை எண்டு" என்று அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தலைவருக்கே உறைத்தது. அட்டையை மெல்லத் திருப்பித் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், யாரோ பறிக்க வந்ததுபோல.

"எனக்குக் காட்டின மாதிரி உங்களுக்குக் காட்டுறன், கேளுங்கோ" என்றா அக்கா. போனின் ஒலியைக் கூட்டி, மேசையில் வைத்தா.

இந்தியாக்காரி தொடங்கினாள். தண்ணீர் முறை. மடை, பெயர், திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு அக்காவின் பெயர் வந்தது. பெயருக்கு அடுத்தபடியாகவே: காலை. அவ்வளவுதான். உடனே அடுத்தவர் பெயர்.

நான் விட்ட வெளி எங்கே? திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாளின் வெறுமையை எண்ணி எண்ணி வைத்தேனே. கொக்கு இறங்கிய வெண்மை. ஒரு மூச்சுக்கூட நிற்காமல் அதை விழுங்கிவிட்டு அவள் போய்க்கொண்டிருந்தாள்.

"பேருக்குப் பிறகு முதல் வந்தது காலை" என்றா அக்கா. "தலைப்பிலை முதல் வந்தது திங்கள். முதல் வந்தது முதல் நாளுக்கெண்டு எடுத்தன். வேறை எப்பிடி எடுக்கிறது?"

முன்வரிசையில் இருந்த ஒருவர், "உதிலை என்ரை என்னெண்டு பாப்பம்" என்றார். அவருக்கு வெள்ளி பின்னேரம். போன் அவர் பெயரைச் சொல்லி 'பின்னேரம்' என்றது.

"அப்ப எனக்குத் திங்கள் பின்னேரம்!"

"என்ரையைக் கேளுங்கோ, என்ரையைக் கேளுங்கோ." அவருக்கும் திங்கள். பக்கத்தில் இருந்தவருக்கும் திங்கள். ஒவ்வொருவராகக் கேட்டார்கள். சனிக்கிழமைக்காரரும் ஞாயிற்றுக்கிழமைக்காரரும் வரிசையாகத் திங்களுக்குள் வந்து விழுந்தார்கள்.

"இவள் சொல்லுறபடி பாத்தால் வாய்க்காலிலை எல்லாருக்கும் திங்கள்தான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ஒரே நாளிலை குளம் காலி. செவ்வாய் தொடக்கம் லீவு."

மண்டபம் வெடித்தது. தலைவரும் சிரித்தார், அட்டையை அணைத்தபடியே. சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டு பேர், அக்காவும் நானும்.

"சிரிச்சது காணும்" என்றா அக்கா. "எனக்கு வியாழன் தண்ணி இருக்கோ இல்லையோ?"

சிரிப்பு நின்றது. தலைவர் அட்டையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வியாழன் காலை தண்ணீரை அவருடைய வயலும் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். அவர் தொண்டையைச் செருமினார்.

"இந்தத் தங்கச்சி முறை பிசகேல்லை. முறைதான் பிசகியிருக்கு. வியாழன் காலை அவாக்குத்தான்." பிறகு, எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே: "ஆனால் செயலாளர், வியாழனுக்கு முன்னம் உது திருந்தவேணும். இல்லாட்டி வாற திங்கள் எல்லாரும் மண்வெட்டியோடை வந்து நிப்பினம். பிறகு கவிதை சொல்லி விலக்குப் பிடிக்கேலாது."

செவ்வாய்க்கிழமை கிளிநொச்சிக்குப் போனேன். கொமினிக்கேசன் தங்கச்சி கதை முழுவதையும் கேட்டுவிட்டு, நல்லாய்ச் சிரித்துவிட்டு, கேட்டா: "ஏன் அண்ணை அட்டவணைதான் வேணுமெண்டு நிக்கிறியள்? ஒவ்வொரு வரியும் தனியா நிண்டு தன்ரை கதையைச் சொல்லட்டுமே. நாளுக்கு ஒரு தலைப்பு. தலைப்பிலையிருந்து தலைப்புக்குப் பாஞ்சு போகலாம் போனிலை. அதுக்குக் கீழ ஆளுக்கொரு வரி. நாள், நேரம், மடை, ஆள். ஒண்டையும் மிச்சம் விடாதேங்கோ."

"தலைப்பிலை வியாழன் எண்டு கிடக்கு. பிறகு வரிக்கு வரி வியாழன், வியாழன் எண்டு எழுதவோ?"

"ஓம்."

"இரண்டாம் மடை, இரண்டாம் மடை எண்டும்?"

"ஓமண்ணை."

எனக்குக் கை வரவில்லை. ஒரு சொல் ஒரு பக்கத்தில் இரண்டாம்தரம் வந்தால் வெட்டுகிறவன் நான். அதற்காகவே சிலர் என்னை மதிப்பதாகவும் கேள்வி. தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே இறங்கினேன். பஸ் நிலையத்தில் பூநகரி பஸ் புறப்படத் தயாராக நின்றது. கொண்டக்டர் மிதிபலகையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். பூநகரி, பூநகரி, பூநகரி. ஒரு ஆள் ஏறினால் திரும்பவும், பூநகரி, பூநகரி. சந்தைப் பையோடு ஓடிவந்த ஒரு மனிசிக்காகத் திரும்பவும் முழுதாக, பூநகரி. அவர் ஒருதரம் பூநகரி என்று சொல்லிவிட்டு, பிறகு வருகிறவர்களுக்கு 'மேற்படி, மேற்படி' என்று கத்தியதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. சும்மா வாயை மூடிக்கொண்டு, என் மௌனத்தில் பூநகரி இருக்கிறது என்று நின்றதையும் கண்டதில்லை.

தேத்தண்ணியைக் குடிக்காமலே திரும்பிப் போய் இருந்து எழுதினேன். வியாழன் என்று ஒரு தலைப்பு. கீழே: வியாழன் காலை, இரண்டாம் மடை, இன்னார். வியாழன் பின்னேரம், மூன்றாம் மடை, இன்னார். தண்ணீர் இல்லாத நாளுக்கு வரியே இல்லை, ஆகவே வெறுமையும் இல்லை. மூன்று குறியும் இல்லை, அதன் பக்கத்தில் கவிதையும் இல்லை. எருமையும் கொக்கும் தங்கள் தங்கள் அகலத்தில் நின்றன. ஊரில் மதிப்பான அந்த மனிசனுக்குத் தலையெழுத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எழுதி முடித்துப் பார்த்தால், வரியை முறிக்காமல், அடுக்காமல், அந்த ஓரம்வரை ஓடுகிற வெறும் வசனம். வாழ்நாள் முழுக்க எதைத்தான் எழுதுவேன் என்று மற்றக் கவிஞரோடு சண்டை பிடித்தேனோ அதையே, கடைசியில், தண்ணீர் கட்டுவதற்காக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வாசகர் ஒருவர். அக்கா தன் போனில் கேட்டுவிட்டு நேரே சொன்னா: "இப்ப ஆள் கதைக்கிற மாதிரி இருக்கு."

புதிய வசனத்தையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினோம். தலைவர் பழைய லமினேற்றைக் கழற்ற விடவில்லை. "பாக்க வடிவு" என்றார். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. எதைப் பார்க்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

வியாழன் விடிந்ததும் வயலுக்குப் போனேன். அக்கா எனக்கு முன்னமே வந்திருந்தா, வாய்க்கால் ஈரத்தில் பாவாடை நனைய. தலைவரும் வந்து, தன் பக்கத்து வாயை மண் போட்டு அடைத்துவிட்டு, அக்காவின் நடுவரம்பைத் தானே வெட்டிவிட்டார். "நேரம் முடிய வந்து அடைப்பன்" என்று சொல்லி மோட்டார்சைக்கிளில் ஏறிப் போனார். அவர் தாராளத்துக்கும் முறை உண்டு.

தண்ணீர் வந்தது. முதலில் வெடிப்புகளுக்குள் போய்க் காணாமல் போனது. பிறகு வெடிப்பு நிறைந்து, மண் ஒரு பெருமூச்சு விட்டு, பயிரின் காலடியில் மெல்லப் பரவத் தொடங்கியது.

அக்கா தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு நின்றா. "வியாழன்தான்" என்றா. பிறகு, "தம்பி, ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லுங்கோ அக்கா."

"ஆளைக் கடைசியிலை போட்டிருக்கிறியள். என்ரை பேர் கேட்டால்தான் எனக்குக் காது நிமிரும். நிமிரேக்கை நாளும் நேரமும் போயிட்டுது. திருப்பி வாசிக்கவைக்க வேண்டிக் கிடக்கு. பேரை முன்னுக்குப் போடுங்கோ."

ஒவ்வொரு வரியையும் தலைகீழாக்க வேண்டும். ஓம் என்றேன். என்றாலும் அந்த நேரத்தில் எனக்கு அது மனதில் ஏறவில்லை. தண்ணீர் பரவுகிற சத்தத்துக்கு ஒரு வாக்கியம் வந்துகொண்டிருந்தது. கிட்டத்தட்ட வந்துவிட்டது. அந்தச் சத்தத்தைத் தாங்குகிற ஒரு வினைச்சொல் மட்டும் பிடிபடாமல், வரம்பில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி" என்றா அக்கா திரும்பவும். "தண்ணியின்ரை சத்தம் மாறிப்போச்சு. உங்கடை கால், வரம்பு வெட்டின வாய்க்குள்ளை நிக்குது போலை. எடுங்கோ."

குனிந்து பார்த்தேன். அங்கேதான் நின்றது. எடுத்தேன்.